அக்கா கேட்ட ஊசியும் ஒரு பழைய இன்சுலின் கதையும்



போன மாதம் கோபால்பட்டியிலிருந்து என் அக்கா போன் செய்தாள். "ஏண்டி, குடியை நிறுத்துறதுக்கு ஏதோ சுகர் ஊசி வந்திருக்காமே. பக்கத்து வீட்டுப் பையன் போன்ல காட்டுனான். நம்ம பெரியவனுக்கு வாங்கிப் போடலாமா? மோதிரத்தை வச்சாவது வாங்கிடுறேன்" என்றாள்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவள்தான். ஆனால் மருந்து விஷயத்தில் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக்கூடாது. "ரெண்டு வாரம் பொறு அக்கா, படிச்சிட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து இப்போது நர்ஸாக இருக்கும் ஒரு பிள்ளை நிறைய உதவி செய்தாள். படிக்கப் படிக்க, இந்த ஊசிக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருப்பது தெரிந்தது. அந்தக் கதை தெரிந்தால்தான் அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் புரியும். பதிவு நீளமானது. இரவுச் சாப்பாடு முடிந்து நிதானமாகப் படியுங்கள்.

முதலில் பெரியவனைப் பற்றி. உறவுக்காரர்கள் பலருக்கு விஷயம் தெரியும். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சித்தி, பேரு மட்டும் வேண்டாம்" என்றான்.

இருபத்திரண்டு வயதில் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன். சாவிக்குப் பல் வெட்டுவதில் அவன் கைக்குத் தனிப் பெயர். ஒருநாள் பட்டறையில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். பிறகு ஆள் இல்லாத இடத்திலும் குரல் கேட்கிறது என்றான். குணசீலத்துக்குக் கூட்டிப் போய் ஒரு மண்டலம் தங்கவைத்தோம். அதன்பிறகு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். மனச்சிதைவு நோய் என்றார்கள். மாத்திரையில் குரல்கள் அடங்கின. அது பெரிய நிம்மதி. ஆனால் ஒல்லியாக இருந்தவன் இரண்டு வருடத்தில் ஆளே அடையாளம் தெரியாமல் பருத்தான். பிறகு சர்க்கரையும் வந்தது. இதற்கிடையில் குடிப் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. "மாத்திரை போட்டா மந்தமா இருக்கு சித்தி. கொஞ்சம் குடிச்சாத்தான் நாலு பேரோட உட்கார்ந்து பேச முடியுது" என்பான்.

அக்கா அலைந்த அலைச்சல் அப்போதுதான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ஒருவர், "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க, அப்பத்தான் மாத்திரை வேலை செய்யும்" என்றார். குடியை நிறுத்தும் இடம் ஒன்றுக்குப் போனால், "மனநோய் மாத்திரை சாப்பிடுறவங்களை இங்க சேர்க்கிறதில்லைம்மா, முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்க" என்றார்கள். இந்த வாசலில் அந்த வாசலைக் காட்டினார்கள், அந்த வாசலில் இந்த வாசலை. பதினைந்து வருடமாக அக்கா இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்கிறாள்.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன். சர்க்கரை மருந்து, போதைப் பழக்கம், மனச்சிதைவு என்ற இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வது இதுதான் முதல் தடவை என்று நினைத்திருந்தேன். இல்லை. கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே சேர்ந்திருக்கின்றன.

கனடாவின் டொரண்டோ நகரத்தில் 1921-ல் பேன்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தது உங்களுக்கு அறிவியல் பாடத்தில் வந்திருக்கும். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அதுவரை சாவைத் தவிர வேறு வழியில்லாதிருந்த குழந்தைகள் அந்த மருந்தால் பிழைத்தார்கள். 1923-லேயே நோபல் பரிசும் வந்துவிட்டது. ஒரு மருந்துக்கு இப்படிப் பேர் கிடைத்தால் என்ன ஆகும்? "இது வேறு எதற்கெல்லாம் உதவும்?" என்று எல்லோரும் போட்டுப் பார்க்கத் தொடங்குவார்கள். அதுதான் நடந்தது.

மான்ஃப்ரெட் சாக்கெல் என்று ஒரு இளம் டாக்டர். பெர்லின் பக்கம் ஒரு மருத்துவ விடுதியில் மார்ஃபின் போதைக்கு அடிமையானவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். போதையை நிறுத்தும்போது வரும் நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை ஆகியவற்றைக் குறைக்கச் சிறிதளவு இன்சுலின் கொடுத்தார். சிலருக்கு இரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இறங்கி நினைவு தப்பியது. குளுக்கோஸ் கொடுத்து எழுப்பினால், முன்பு ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் அமைதியாக இருந்ததாக அவருக்குத் தோன்றியது. சரி, இதையே மனச்சிதைவு நோயாளிகளுக்குச் செய்து பார்த்தால் என்ன என்று நினைத்தார். 1933-ல் வியன்னாவுக்குப் போய் வேண்டுமென்றே இன்சுலின் கொடுத்து நோயாளிகளை நினைவிழக்கச் செய்யும் வைத்தியத்தைத் தொடங்கினார். பெரும்பாலோர் தேறிவிட்டதாக அறிவித்தார்.

அந்த வைத்தியம் எப்படி நடந்தது என்று படித்தபோது எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. வாரத்தில் ஆறு நாள், காலையில் வெறும் வயிற்றில் ஊசி. உடம்பெல்லாம் வியர்த்து, சிலருக்கு வலிப்பு வந்து, நினைவு போகும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, மூக்குவழிக் குழாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியோ நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியோ எழுப்புவார்கள். மறுநாள் மறுபடியும். ஒரு ஆளுக்கு ஐம்பது அறுபது தடவை. நூற்றுக்கு ஒருவராவது இதில் இறந்தார்கள். சில ஆஸ்பத்திரிகளில் அதைவிட அதிகம். ஆனாலும் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் இதற்கென்றே தனி வார்டுகள் வந்தன. நம் நாட்டு மனநல மருத்துவமனைகளும் இதை ஏற்றுக்கொண்டன. கணித மேதை ஜான் நாஷ், அவர் வாழ்க்கையைச் சினிமாவாகக்கூட எடுத்தார்கள், 1961-ல் அமெரிக்காவில் ஒரு அரசு மருத்துவமனையில் இந்த வைத்தியத்துக்கு ஆளானவர்தான். அவருக்கு 1994-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இருபது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க இதை நம்பியது. நம்பாமல் கேள்வி கேட்டவர் ஹரால்ட் போர்ன் என்ற பெயர் பெறாத ஓர் இளம் டாக்டர். 1953-ல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில், இது வெறும் கட்டுக்கதை என்று எழுதினார். பெரிய டாக்டர்கள் கோபப்பட்டார்கள். "எங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம், ஆட்கள் தேறுகிறார்கள்" என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆட்கள் தேறினார்கள்தான். எதனால் தேறினார்கள் என்பதுதான் கேள்வி.

1957-ல் லண்டனில் ஆக்னர், ஹாரிஸ், ஓல்டம் என்ற மூவர் அதே லான்செட்டில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இன்சுலின் மூலம் நினைவிழப்பு. இன்னொரு குழுவுக்கு வெறும் தூக்க மருந்து மூலம் நினைவிழப்பு. அதே வார்டு, அதே நர்ஸுகள், அதே கவனிப்பு, அதே சாப்பாடு. கடைசியில் பார்த்தால் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. அப்படியானால் இன்சுலினுக்கு அதில் தனிப் பங்கு ஒன்றும் இல்லை என்று ஆகிறது.

என்னிடம் படித்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்கிறேன். நான் நாலாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளில் நன்றாகப் படிக்கும் எட்டுப் பேரைப் பொறுக்கி, மரத்தடியில் தனியாக உட்காரவைத்து, தினமும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்து, பச்சை அட்டை நோட்டில் எழுதவைக்கிறேன். பரீட்சையில் அவர்கள் நல்ல மதிப்பெண் எடுக்கிறார்கள். "பச்சை நோட்டுதான் காரணம்" என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் அல்லவா? இன்சுலின் வார்டிலும் அதுதான் நடந்தது. நோய் வந்து அதிக நாள் ஆகாத, உடம்பு நன்றாக இருக்கும் இளைஞர்களையே பொறுக்கி எடுத்தார்கள். அவர்கள் தானாகவே தேற வாய்ப்பு அதிகம். மற்ற வார்டுகளில் நூறு பேருக்கு ஒரு நர்ஸ் என்றால், இங்கே எந்நேரமும் பக்கத்தில் ஆள். கையைப் பிடித்து, முகம் துடைத்து, பேரைச் சொல்லி எழுப்பி, காலைச் சாப்பாடு கொடுக்க ஒரு மனுஷி. பல வருடம் யாரும் பேரைச் சொல்லிக் கூப்பிடாத நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய மருந்து!

இதற்கிடையில் 1952-ல் பாரீஸில் டிலே, டெனிக்கர் என்ற டாக்டர்கள் குளோர்புரோமசின் மாத்திரையை மனநோய்க்குக் கொடுத்து, நல்ல பலன் கண்டார்கள். அது வந்தபிறகு இன்சுலின் வார்டுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கூச்சல், விலங்கு, பூட்டிய அறை எல்லாம் குறைந்ததில் அந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த வழியில் பின்னால் வந்த குளோசபின், ஒலான்சபின் போன்ற நல்ல மாத்திரைகளே பலருக்கு எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிட்டன. பெரியவனுக்கு நடந்தது இதுதான்.

குடிக்கு மருந்து கண்டுபிடித்த கதை தனி. 1948-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஹால்ட், யாக்கோப்சன் என்ற இருவர் டைசல்ஃபிராம் என்ற மருந்தைக் குடிநோய்க்கு அறிமுகப்படுத்தினார்கள. வயிற்றுப் புழுவுக்கு மருந்து தேடும்போது அதைத் தாங்களே விழுங்கிப் பார்த்தவர்கள் அவர்கள். பிறகு ஒரு மிடறு மது குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் வந்தது. சாராயம் உடம்பில் சிதையும்போது நடுவில் ஒரு நச்சுப்பொருள் உண்டாகும். சாதாரணமாக உடம்பு அதை உடனே அடுத்த நிலைக்கு மாற்றி வெளியேற்றிவிடும். இந்த மருந்து அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. அதனால் நச்சு தேங்குகிறது. நம் ஊர்ப் பக்கம் சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுக்கிறார்களே, "குடியை மறக்கடிக்கும் மருந்து" என்று, அதில் பல நேரம் இதுதான் இருக்கிறது. தயவு செய்து அப்படி யாருக்கும் கொடுக்காதீர்கள். தெரியாமல் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு இது நோயைக் கிளப்பிவிடவும் கூடும். அதிலும் "என் சோற்றில் ஏதோ கலக்கிறார்கள்" என்று ஏற்கெனவே பயப்படுகிறவனுடைய சோற்றில் உண்மையாகவே கலந்தால், பிறகு அவன் யாரை நம்புவான்?

நம் தமிழ்நாட்டுக்கு வருகிறேன். சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் விடுதி 1794-ல் தொடங்கியது. அதன் வழிவந்ததுதான் இன்றைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. அங்கே 1961 முதல் 1978 வரை தலைமைப் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். நோயாளியைப் பூட்டிவைப்பதற்குப் பதில் வெளிநோயாளியாக வந்து போகவும், கைத்தொழில் பழகவும் வழி செய்தவர். ஓய்வு பெற்றபிறகு 1984-ல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 2021 டிசம்பரில் மறைந்தார். குடிநோய்க்கு, கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். இரண்டு பெண்களும் செய்தது மகத்தான பணி. ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால், மனநோய் ஒரு பாதையாகவும் குடிநோய் இன்னொரு பாதையாகவும்தான் வளர்ந்தன. இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால் எந்தப் பாதையில் போவது என்பது கடைசிவரை தெளிவாகவில்லை.

ஆனால் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். மனநோய் என்பதற்கு அது தரும் விளக்கத்திலேயே மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைகளும் அடங்கும். அதாவது சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ். "அதைச் சரி பண்ணிட்டு வாங்க" என்ற பதில் இனி செல்லாது. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "பதினஞ்சு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

இப்போது அந்த ஊசி. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் கிலா மான்ஸ்டர் என்ற நஞ்சுள்ள பல்லி இருக்கிறது.  1992-ல் ஜான் எங் என்ற டாக்டர் அதன் நஞ்சில் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். சாப்பிட்டதும் நம் குடலில் ஜி.எல்.பி-1 என்ற சுரப்பு ஊறுகிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்கிறது, வயிறு காலியாவதை மெதுவாக்குகிறது, "போதும்" என்று மூளைக்கும் சொல்கிறது. ஆனால் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். பல்லியின் பொருள் அதே வேலையைச் செய்கிறது, நெடுநேரம் சிதையாமல் நிற்கிறது. அதிலிருந்து வந்த எக்ஸனடைட் என்ற ஊசி 2005-ல் அமெரிக்காவில் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது. பிறகு அந்த வகையில் லிராக்ளூடைட், செமாக்ளூடைட் என்று வரிசையாக வந்தன. அக்கா கேட்டது இந்த செமாக்ளூடைட்டைத்தான்.

இந்த ஊசி போட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளிகள் சிலர், "சாப்பாட்டு ஆசை மட்டும் இல்லை, குடிக்கிற ஆசையும் குறைந்துவிட்டது" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சாக்கெல் காலத்தில் இருந்த அதே ஆர்வம் மறுபடியும் வந்தது. ஆனால் இந்தத் தடவை ஒரு வித்தியாசம். 1957-ல் கற்ற பாடத்தை மறக்காமல், வெற்று ஊசியோடு ஒப்பிட்டுச் சோதிக்கிறார்கள்.

கோபன்ஹேகனில் குடிநோய் உள்ள 127 பேரை இரண்டாகப் பிரித்து, 26 வாரம் ஒரு பகுதியினருக்கு எக்ஸனடைட்டும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டார்கள். 2022-ல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால், அளவுமீறிக் குடித்த நாட்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் குறைந்தன. பிரித்துப் பார்த்ததில், உடல் பருமன் உள்ளவர்களுக்கு மருந்தால் குடி குறைந்தது போலத் தெரிந்தது. ஒல்லியானவர்களுக்கோ, மருந்து போட்ட பக்கம் நிலைமை மோசமானது போலத் தெரிந்தது. சிறு பகுதியை வைத்துச் சொல்வதால் இது முடிந்த முடிவில்லை. ஆனால் நம் ஊர்க் குடிகாரர்களை மனதில் வைத்துப் பாருங்கள். சாப்பிடாமல் குடித்துக் குடித்து எலும்பும் தோலுமாக இருப்பவர்கள்தானே அதிகம்? எடையை இறக்கும் மருந்தை அவர்களுக்குப் போடுவதற்குமுன் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

2025-ல் அமெரிக்காவில் செமாக்ளூடைட்டைக் குறைந்த அளவில் 48 பேரிடம் ஒன்பது வாரம் சோதித்தார்கள். குடிக்க வேண்டும் என்ற உந்துதல் குறைந்தது. குடிக்கும் நாளில் குடிக்கும் அளவும் குறைந்தது. குடித்த நாட்களின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் 48 பேர் என்பது நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு வகுப்பு.

இனி, எங்கள் வீட்டுக்கு வேண்டிய கேள்வி. இந்தச் சோதனைகளில் பெரியவனைப் போன்ற ஒருவர் இருந்தாரா? கோபன்ஹேகன் சோதனையில் மனச்சிதைவு உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. இப்படி விலக்கிவைப்பது பல சோதனைகளில் வழக்கம். முடிவு குழம்பிவிடும், சம்மதம் வாங்குவது கஷ்டம், பாதியில் நின்றுவிடுவார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். காரணங்கள் பொய்யில்லை. ஆனால் விளைவு என்ன? மருந்து யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்கு அது பொருந்துமா என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் அக்காவுக்குக் கிடைத்த அதே பதில் ஆராய்ச்சியிலும் இருக்கிறது.

ஆனால் சேர்த்துச் செய்ய முடியாது என்று சொல்லிவிட முடியாது. குடிநோய்க்கு அமெரிக்காவில் 1994-ல் அனுமதி பெற்ற நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரையை, மனச்சிதைவும் குடிப்பழக்கமும் சேர்ந்த 31 பேரிடம் 12 வாரம் ஒப்பிட்டுச் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்கள் குறைவாகக் குடித்தார்கள். அதேபோல டென்மார்க்கில் குளோசபின், ஒலான்சபின் சாப்பிடும் மனச்சிதைவு நோயாளிகளுக்கு லிராக்ளூடைட் ஊசியை 16 வாரம் சோதித்தார்கள். 2017-ல் வந்த முடிவில், வெற்று ஊசி போட்டவர்களைவிட ஐந்து கிலோவுக்கு மேல் எடை குறைந்தது, சர்க்கரையும் சீரடைந்தது. அது எடைக்கும் சர்க்கரைக்கும் செய்த சோதனை. குடியைப் பற்றியது இல்லை. மூன்றையும் ஒன்றாக வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதுதான் இப்போது மிச்சம் இருக்கும் வேலை.

நம்மிடமும் அதற்கு ஆள் இல்லாமல் இல்லை. 1981-82-ல் சென்னை அரசு பொது மருத்துவமனைக்கு வந்த 90 மனச்சிதைவு நோயாளிகளை நம் டாக்டர்கள் இருபத்தைந்து வருடம் வரை விடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். உலகத்தில் அப்படி நீண்டகாலம் செய்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஸ்கார்ஃப் டாக்டர்களும் சென்னையின் சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர்களைவிட மனச்சிதைவு உள்ளவர்களுக்குச் சர்க்கரையும் உடல் பருமனும் அதிகம் என்று நம் ஊர் மக்களை வைத்தே காட்டினார்கள். செமாக்ளூடைட்டுக்கு இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதற்குப்பிறகு நம் நாட்டுக் கம்பெனிகளும் அதைத் தயாரிக்கலாம், விலை இறங்கும், நத்தம் ரோட்டு மருந்துக் கடை வரைக்கும் வரும். அதற்குள் நமக்குப் பதில் தெரிய வேண்டாமா? தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பையனின் போன்தான் டாக்டர் ஆகும்.

"மனநோயாளியை வைத்துச் சோதனையா?" என்று சிலர் பதறலாம். பதற்றம் நியாயம். இன்சுலின் வார்டில் யாரும் நோயாளியைக் கேட்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரையும் யாரும் கேட்கவில்லை. அந்தச் செய்தி வந்த காலை, குழந்தைகளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் வகுப்பில் நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் 2017 சட்டம், ஆய்வில் சேர்ப்பதானால் அந்த நோயாளியிடமே, விவரம் சொல்லி, வற்புறுத்தாமல் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. அவரால் அப்போது சம்மதம் தர முடியாத நிலை என்றால் மாநில ஆணையத்தின் அனுமதி வேண்டும். நம் நாட்டில் மருந்துச் சோதனைகளை 2009 முதல் அரசுப் பதிவேட்டில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம்.

பெரியவனிடமே கேட்டேன், "இப்படி ஒரு சோதனைன்னு கூப்பிட்டா போவியா?" என்று. கொஞ்ச நேரம் யோசித்தான். "பாதிப் பேருக்கு வெறும் ஊசிதானா? எனக்கு எதுன்னு சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அப்ப எனக்கு உபயோகம் இல்லாட்டியும், பின்னாடி வர்றவனுக்கு உபயோகம் ஆகும். போவேன் சித்தி" என்றான். சம்மதம் கொடுக்கத் தெரியாதவன் என்று இவனைத்தான் சொல்கிறார்கள்.

கடைசியாக, அக்காவுக்கு நான் சொன்ன பதில். அதே கேள்வி உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

மோதிரத்தை வைக்காதே. டாக்டர் எழுதாமல் கடையில் வாங்கி இந்த ஊசியைப் போடாதே. குடிப்பவர்களுக்குக் கணைய வீக்கம் வரும் அபாயம் ஏற்கெனவே உண்டு, சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். ஆனால் பெரியவனுக்குச் சர்க்கரையும் எடையும் இருப்பதால், அந்தக் காரணத்துக்காக இந்த வகை ஊசி பொருந்துமா என்று சர்க்கரை டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். மனநல டாக்டரிடம் நால்ட்ரெக்சோனைப் பற்றிக் கேள். கல்லீரல் பரிசோதனை செய்துவிட்டுத்தான் தருவார்கள். மனநோய் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதே. தினமும் அதிகம் குடிப்பவரைத் திடீரென்று வீட்டிலேயே நிறுத்தவைக்கவும் கூடாது, வலிப்பு வரலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. யாராவது மறுபடி "அதைச் சரி பண்ணிட்டு வாங்க" என்றால், சட்டத்தின் பெயரைச் சொல். நானும் கூட வருகிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் திண்டுக்கல் போகிறோம். டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பெரியவன் தன் கையாலும் இரண்டு கேள்வி எழுதியிருக்கிறான்.

என் மாணவர்களில் டாக்டர்கள், நர்ஸுகள், மருந்தாளுநர்கள் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் தவறு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். டீச்சர் என்று பார்க்காதீர்கள். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் இருந்தால், எனக்குத் தனியாக எழுதுங்கள். பேர் வெளியே போகாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சாணார்பட்டி